இரண்டு உண்டியல்கள்: இலங்கை ரூபாவின் கதையில் எமது பங்கு

2022 ஏப்ரலில் கொழும்பு அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டமுடியாது என்று அறிவித்தபோது, எம்மவர் கூடிய இடங்களில் ஒருவகைத் திருப்தி தென்பட்டது. "அவர்களுடைய வங்கி, அவர்களுடைய கடன், அவர்களே அனுபவிக்கட்டும்" என்றார் ஒரு நண்பர். படித்தவர், ஒரு காலத்தில் என்னோடு இரவிரவாக அரசியல் பேசியவர். அதே சந்திப்பில், ஊரிலுள்ள தங்கைக்கு வழமையாக அனுப்பும் காசு இப்போது பத்து நாளைக்கும் காணாது என்று குறைப்பட்டுக்கொண்டதும் அவர்தான். இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தொடர்பை அவர் கவனிக்கவில்லை. அந்தத் தொடர்பைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னைப் பற்றி இரண்டொரு வரி சொல்லவேண்டியுள்ளது. பன்னிரண்டு வருடங்கள் பல்கலைக்கழகமொன்றில் பணமும் வங்கியியலும் படிப்பித்தேன். இப்போது பிளாஸ்ரிக் தொழிற்சாலையொன்றில் இரவுவேலை. அந்நாட்களில் 'இலங்கையின் நாணய வரலாறு' என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் 1950 ஓகஸ்ற் 28 ஆம் திகதியோடு முடிப்பேன். அன்றுதான் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. இத்துறையில் எமக்கு வேதமாக இருந்த எச்.ஏ.டி எஸ்.குணசேகராவின் 1962 ஆம் ஆண்டு நூலின் தலைப்பே தங்கியிருக்கும் நாணயத்திலிருந்து மத்திய வங்கியை நோக்கி என்ற பொருளைத் தருவது. அதை விடுதலைப் பயணமாகவே வாசித்தோம், படிப்பித்தோம். இன்று அந்தப் பாடத்தை எடுக்கக் கிடைத்தால் அதே திகதியில் முடிக்கமாட்டேன்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் காசுத்தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகளே. அவற்றுள் பெரியது ஓரியன்டல் வங்கி. கோப்பித் தோட்டங்களின் மீது கொடுத்த கடனில் அது நின்றது. 1869 இல் கோப்பி இலையில் கண்ட நோய் பதினைந்து வருடங்களில் அந்தப் பயிரையே தின்றது. 1884 மே மாதம் வங்கி கதவை மூடியது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தவர்கள் கடைக்காரர், கங்காணிமார், சிறு வியாபாரிகள். தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பீதியைத் தணித்தார்.

அதே வருடம் காசுத்தாள் கட்டளைச் சட்டம் வந்தது. தாள் வெளியிடும் உரிமை தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டு நாணய ஆணையாளர் சபையிடம் கொடுக்கப்பட்டது. இந்தச் சபை வெளியிடும் தாள்களுக்கு ஈடாக இந்திய வெள்ளி ரூபாவும் பிணையங்களும் வைத்திருக்கவேண்டும். இலங்கை ரூபா இந்திய ரூபாவின் நிழலாக நின்றது. ஏற்றுமதி கூடினால் நாட்டில் பணம் கூடும். குறைந்தால் பணமும் குறையும். சபை தன் எண்ணப்படி ஒரு சதமும் புதிதாக ஆக்கமுடியாது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கவும் முடியாது.

இந்த முறையை நாங்கள் வகுப்பில் கடுமையாகக் கண்டித்தோம். கண்டனத்தில் நியாயம் இருந்தது. 1930களின் உலக மந்தத்தில் தேயிலை, இறப்பர் விலைகள் விழுந்தபோது நாட்டில் பணம் சுருங்கியது. அதை எதிர்கொள்ள எந்தக் கருவியும் இருக்கவில்லை. தோட்டங்களில் கூலி வெட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இலங்கை விற்ற பொருட்களுக்கான வரவு இலண்டனில் ஸ்ரேலிங் நிலுவையாகக் குவிந்தது. ஓர் ஏழைத் தீவு பேரரசுக்குக் கடன் கொடுத்தது என்பதே அதன் பொருள். ஐரோப்பிய வங்கிகள் சுதேசிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. செட்டிமாரே இடையில் நின்றார்கள். இந்தக் குறைகள் பற்றி ஆராய்ந்த 1934 ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழுவின் விளைவாகவே 1939 இல் இலங்கை வங்கி உருவாயிற்று.

ஆனால் வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தச் சபையின் கையைக் கட்டிய கயிறு ஆட்சியாளரின் கையையும் கட்டியிருந்தது. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் வரி விதிக்கவேண்டும், அல்லது கடன் வாங்கவேண்டும். இரண்டும் வெளியில் தெரிபவை.

*

சுதந்திரத்தின்பின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர்.ஜயவர்த்தனா அமெரிக்க மத்திய வங்கி அமைப்பிலிருந்து ஜோன் எக்ஸ்ரர் என்பவரை வரவழைத்தார். எக்ஸ்ரரின் அறிக்கையை ஒட்டி 1949 ஆம் ஆண்டு 58 ஆம் இலக்க நாணயச் சட்டம் நிறைவேறியது. அவரே முதல் ஆளுநர். ரூபாவின் பெறுமதி 2.88 கிறெயின் தூய தங்கம் என்று சட்டம் நிர்ணயித்தது. டொலர் ஒன்றுக்கு 4 ரூபா 76 சதம். வங்கிக்குக் கொடுக்கப்பட்ட கடமைகள் பல: உள்நாட்டில் பணத்தின் பெறுமதியை நிலைநிறுத்துதல், நாணய மாற்று வீதத்தைப் பேணுதல், உற்பத்தியையும் தொழில்வாய்ப்பையும் உயர்மட்டத்தில் வைத்திருத்தல், நாட்டின் வளங்களை முழுமையாக அபிவிருத்தி செய்தல். வறிய நாடொன்றின் கனவுகள் அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் தலையில் ஏற்றிவைத்த சட்டம் அது.

அச்சட்டத்தின் மூன்று ஏற்பாடுகளை இங்கு கவனிக்கவேண்டும். முதலாவது, வங்கியை நடத்தும் நாணயச் சபையில் மூவர். அவர்களுள் ஒருவர் திறைசேரியின் செயலாளர். அதாவது கடன் கேட்பவர், கொடுப்பவரின் மேசையிலும் இருந்தார். இரண்டாவது, வருட வருமான மதிப்பீட்டின் 10 வீதம்வரை அரசாங்கத்துக்கு முற்பணம் கொடுக்கலாம். அதை ஆறு மாதத்துக்குள் திருப்பவேண்டும். மூன்றாவது, சபைக்கும் அமைச்சருக்கும் இணக்கம் ஏற்படாவிட்டால், அமைச்சர் அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துச் சபைக்குப் பணிப்புரை விடுக்கலாம்.

மூன்றாவது ஏற்பாட்டை ஜனநாயகத்தின் வெற்றி என்று படிப்பித்தேன். தேர்தலில் நில்லாத மூன்று பேர் எப்படி மக்கள் பிரதிநிதியை மீறலாம் என்று மாணவரைக் கேட்பேன். இன்றும் அந்தக் கேள்வி தவறென்று எண்ணவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் பயன், அமைச்சர் பொறுப்பை வெளிப்படையாக ஏற்கவேண்டும் என்பதில்தான் இருந்தது. செயலாளர் சபைக்குள்ளேயே இருக்கும்போது, இணக்கம் மேசையிலேயே உண்டாகிவிடும். பகிரங்கமாகப் பொறுப்பேற்கும் தேவை எழாது. ஆறுமாத முற்பணத்துக்கும் அதுவே நடந்தது. ஒரு கையால் கட்டி மறு கையால் எடுத்து, காலப்போக்கில் அது திரும்பாத கடனாயிற்று.

எக்ஸ்ரர் தன் பிற்காலத்தில் காசுத்தாள்மீது நம்பிக்கையிழந்து, தங்கத்தையே நம்பச் சொல்பவராக அறியப்பட்டார். எமது வங்கியை அமைத்த கை அது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

*

வங்கி திறந்த வேளை நல்ல வேளை. கொரிய யுத்தத்தால் இறப்பர் விலை ஏறியிருந்தது. யுத்தம் தணிய விலை இறங்கியது, அரிசி விலை ஏறியது, வெளிநாட்டு ஒதுக்கு கரைந்தது. 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ற் 12 ஆம் திகதி நாடே ஸ்தம்பித்த ஹர்த்தாலும், பிரதமர் டட்லி சேனநாயக்காவின் பதவி விலகலும் நாமறிந்தவை. அதிலிருந்து கொழும்பின் ஆட்சியாளர் ஒரு பாடம் படித்தார்கள்: அரிசி விலையை உயர்த்துவதை மக்கள் காண்பார்கள். வங்கியில் எடுக்கும் கடனைக் காணமாட்டார்கள்.

அடுத்த கால் நூற்றாண்டு இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். 1967 இல் ரூபா ஐந்திலொரு பங்கு மதிப்பிறக்கப்பட்டது. 1970 இல் இடதுசாரி நிதியமைச்சர் என்.எம்.பெரேரா கறுப்புப் பணத்தை வெளிக்கொணர 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதாக்கினார். 1970 முதல் 1977 வரையான தட்டுப்பாட்டை நினைத்துத் தெற்கில் இன்றும் பல்லைக் கடிப்பவர் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அது வேறு காலம். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாதபடியால் அவனுடைய விளைச்சலுக்கு விலை இருந்தது. 1977 நவம்பரில் ரூபா டொலருக்கு 16 என்று விடப்பட்டு, கதவுகள் திறந்தபோது அந்த விலை விழுந்தது. அப்போது வயதுக்கு வந்துகொண்டிருந்த எமது இளைஞர் தலைமுறையின் கசப்புக்குத் தரப்படுத்தலை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்க்கவேண்டும். நாணயக் கொள்கை கொழும்பின் விடயம் என்பது அன்றும் உண்மையில்லை.

*

இங்கு யுத்தத்தைத் தாண்டிச் செல்லமுடியாது.

யுத்தம் காசால் நடக்கிறது. பாதுகாப்பு வரி என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டு உதவியும் கடனும் இருந்தன. மீதியைப் பற்றாக்குறை தாங்கியது. 2008 ஜூனில் பணவீக்கம் 28 வீதத்தைத் தொட்டது. உலகச் சந்தையில் எண்ணெயும் உணவும் ஏறியது ஒரு காரணம், அரசின் பற்றாக்குறை மற்றொரு காரணம். அந்த விலையேற்றம் வன்னிக்கு வெளியில் நின்றுவிடவில்லை. விடுதலைப் புலிகள் காவல்துறையும் நீதிமன்றமும் வைத்திருந்தார்கள். 1994 முதல் தமிழீழ வைப்பகம் என்ற வங்கியும் இருந்தது. சொந்த நாணயம் மட்டும் இருக்கவில்லை. அங்கும் கொழும்பின் ரூபாவே ஓடியது. ரூபா இழந்த பெறுமதியைக் கிளிநொச்சிச் சந்தையில் மீன் வாங்கியவளும் கட்டினாள். எந்தப் பாராளுமன்றமும் அவளைக் கேட்கவில்லை.

1996 ஜனவரி 31 ஆம் திகதி புலிகளின் வெடிகுண்டு லொறி கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடத்தில் மோதியது. 91 பேர் இறந்தார்கள். ஆயிரத்து நானூறு பேரளவில் காயமடைந்தார்கள், பலர் கண்ணை இழந்தார்கள். வங்கியின் எழுதுவினைஞர்களும் தெருவில் போனவர்களும் அதில் அடக்கம். பொருளாதாரத்தின் இதயத்தில் விழுந்த அடி என்று அப்போது எம்மவர் சிலர் எழுதினார்கள். ரூபா நிற்கவில்லை. அதைத் தகர்த்தவர்களும் அங்கு வெளியிட்ட தாளிலேயே தம் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை எனது வகுப்பில் 'மத்திய வங்கியின் தொழிற்பாடுகள்' என்ற பாடம். அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் பாடத்தை முடித்துக்கொண்டு வெளியேறினேன். அந்த மௌனத்துக்கு நான் பொறுப்பாளி. அதை எழுதாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு உரிமையில்லை.

*

இனித் தலைப்பிலுள்ள உண்டியல்களுக்கு வருகிறேன்.

முதலாவது, திறைசேரி உண்டியல். அரசாங்கம் 91 நாளிலோ ஒரு வருடத்துக்குள்ளோ திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரம் அது. வங்கிகளும் பிறரும் அதை வாங்கினால், இருக்கும் பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும், அவ்வளவே. அரசாங்கம் சொல்லும் வட்டிக்கு எவரும் வாங்க வராதபோது மத்திய வங்கி வாங்கும். அரசின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைக்கும். 'பணம் அச்சிடல்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அச்சு இயந்திரம் இதில் கடைசிக் கட்டம். அந்தப் பணம் சம்பளமாகவும் ஒப்பந்தமாகவும் சந்தைக்கு வந்து, பொருளைத் தேடுகிறது. பொருள் வெளிநாட்டிலிருந்து வருவதானால் டொலரைத் தேடுகிறது.

இரண்டாவது உண்டியலை எமக்கு விளக்கத் தேவையில்லை. இங்கு கடைக்காரரிடம் காசைக் கொடுத்தால் மாலைக்குள் ஊரில் ஒருவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ரூபா அங்கிருந்தே கொடுக்கப்படும். யூரோ இங்கேயே நின்றுவிடும். இறக்குமதிக்காரருக்கோ நாட்டைவிட்டுப் பணத்தை வெளியேற்ற விரும்பியவருக்கோ அது கைமாறும். யுத்தகாலத்தில் வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு அதுவே வழி. அரசின் கண்ணில் படாமல் தாய்க்குச் சோறு போட்ட வழி அது. அதை நான் இழித்துப் பேசமாட்டேன்.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டப்பட்டது. அடுத்து வந்த தொற்று, வருமானத்தை மேலும் அடித்தது. விட்ட இடைவெளியை முதலாவது உண்டியல் நிரப்பியது. மத்திய வங்கிக்கு அரசு கொடுக்கவேண்டிய கடன் 2022 முடிவில் சுமார் 2.8 ட்ரில்லியன் ரூபாவாயிற்று. பணம் இப்படிப் பெருகிக்கொண்டிருக்க, டொலரின் விலை மட்டும் 203 ரூபாவுக்குள் பிடித்துவைக்கப்பட்டது. வெளியில் 240க்கு மேல் கொடுத்தார்கள். வங்கியால் அனுப்பினால் 203, உண்டியலில் 240. எவர் வங்கிக்குப் போவார்? வெளிநாட்டில் உழைப்போர் வங்கிவழி அனுப்பிய தொகை 2020 இல் 7.1 பில்லியன் டொலர். 2021 இல் 5.5, 2022 இல் 3.8. இதில் பெரும்பங்கு மத்திய கிழக்கில் உழைக்கும் பெண்களதும் ஆண்களதும். எமது பங்கும் உண்டு.

நானும் அனுப்பினேன். அம்மாவின் நீரிழிவு மருந்துக்காக. உண்டியலில் கூடக் கிடைத்த காசோடு தம்பி மருந்துக்கடைகளுக்கு அலைந்தான். காசு இருந்தது, மருந்து இருக்கவில்லை. இறக்குமதிக்கு டொலர் இல்லை. அந்தப் பற்றாக்குறையில் என் பங்கு ஒரு தூசியளவு. குற்றம் பொய்யான விலையைப் பிடித்துவைத்தவர்களுடையது. 2022 ஜனவரியில், கப்பல்கள் துறைமுகத்தில் காசுக்குக் காத்துக்கிடந்த வேளையில், கடன்முறிக்காரருக்கு 500 மில்லியன் டொலர் தவறாமல் கட்டப்பட்டது. மார்ச் 7 இல் பிடி விடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா. செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவு விலையில் மட்டும் 94.9 வீதம். முதலாவது உண்டியல் பணத்தைப் பெருக்கியது. இரண்டாவது உண்டியல் டொலரை வெளியில் நிறுத்தியது. ஒன்று அரசின் பொறுப்பின்மை, மற்றது குடிமக்களின் அவநம்பிக்கை. ஒன்று மற்றதை வளர்த்தது.

*

2023 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பதையும் ஏலத்தில் அதன் உண்டியல்களை நேரடியாக வாங்குவதையும் தடைசெய்தது. திறைசேரிச் செயலாளர் மேசையிலிருந்து எழும்பினார். பணவீக்க இலக்கு 5 வீதம் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு வந்த சட்டம் இது.

இதைப்பற்றி எம்மவரிடையே இரண்டு கட்சி. ஒரு கட்சி, 1884 ஆம் ஆண்டுச் சபை நாணய நிதியத்தின் உடையில் திரும்பி வந்திருக்கிறது என்கிறது. மறு கட்சி, இனி அரசியல்வாதி காசில் கைவைக்க முடியாது, எல்லாம் சரியாகிவிடும் என்கிறது.

இரண்டாவது கட்சிக்கு ஒரு செய்தி. என்னோடு அதே இயந்திரத்தில் நிற்கும் துருக்கித் தொழிலாளி ஒருவர் மாதாமாதம் ஊருக்குக் காசனுப்புபவர். அவருடைய நாட்டின் மத்திய வங்கிக்கு 2001 லேயே சட்டப்படி சுயாதீனம் கிடைத்துவிட்டது. வட்டியை உயர்த்தினால் விலை ஏறும் என்று வாதிட்ட ஜனாதிபதி, 2019 ஜூலைக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் மூன்று ஆளுநர்களை வீட்டுக்கு அனுப்பினார். 2022 ஒக்ரோபரில் அங்கு உத்தியோகபூர்வப் பணவீக்கமே 85 வீதம். சட்டத்தைக் காப்பவர் இல்லாவிட்டால் சட்டமும் ஒரு காசுத்தாள்தான்.

முதலாவது கட்சியோடு எனக்குப் பாதி உடன்பாடு. பணவீக்கம் 2023 நடுப்பகுதியிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது; 2024 செப்ரெம்பரில் பூச்சியத்துக்குக் கீழும் போனது. ஆனால் 2022 இல் ஏறிய விலைகள் ஏறினவையே. அந்தச் செலவை யார் கட்டினார்கள் என்பதே கேள்வி. 2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன: 2026 வரை 12 வீதம், அதன்பின் 9 வீதம். மாற்றாவிட்டால் நிதியின் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்று சட்டம் மிரட்டியது. முந்திய வருடம் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த நாடு அது. 1958 முதல் அந்த நிதியை நிர்வகித்து வந்தது மத்திய வங்கியேதான். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளின் முதுமைக்கால சேமிப்பு அதற்குள் கிடக்கிறது. அவளுக்காகப் பேசவேண்டியவரும் அரசுக்கு வழி சொன்னவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள்.

ஆகவே என் நிலைப்பாடு இது. அரசாங்கம் மத்திய வங்கியில் கேள்வியின்றிக் கடன் எடுக்கும் கதவு மூடியிருக்கவேண்டும். அதைத் திறந்துவைப்பதால் ஏழைக்கு நன்மை என்று நான் படிப்பித்தது தவறு. காசு பெறுமதி இழக்கும்போது நிலமும் டொலரும் உள்ளவன் தப்புவான், சம்பளத்தில் வாழ்பவன் தப்பமாட்டான். ஆனால் கதவை மூடியவர்களும் கணக்குச் சொல்லவேண்டும். 2024 தொடக்கத்தில், நாடே இறுக்கிப்பிடித்து வாழ்ந்தபோது, வங்கி தன் ஊழியரின் சம்பளத்தைப் பெருமளவில் உயர்த்திக்கொண்டது. பாராளுமன்றம் கேட்டபின்பே பதில் வந்தது. தொழிலாளரின் சேமிப்பு அந்த வங்கியின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, தொழிலாளரின் பிரதிநிதிகளும் அமரும் தனிச்சபையிடம் போகவேண்டும். 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளும் நிதியமைச்சரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் அடங்கிய அதிகாரத்திலிருந்தோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலுள்ள 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் முல்லைத்தீவு மீனவரும் அடக்கம். அதை முதலில் கோரவேண்டியவர்கள் நாங்கள்.

எமக்கென்று நாணயம் இருந்ததில்லை. எம் உறவுகளின் சமையலறைக் கணக்கு இன்றும் அந்த ரூபாவிலேயே எழுதப்படுகிறது. சுயநிர்ணயம் பற்றி முப்பது வருடங்கள் எழுதிய இப்படியான பக்கங்களில், நாளை எந்தத் தீர்வு வந்தாலும் காசை யார் வெளியிடுவது, யார் கணக்குக் கேட்பது என்று ஒரு பக்கம்கூட நாம் எழுதிவைக்கவில்லை. என் நண்பர் அடுத்த மாதமும் தங்கைக்குக் காசனுப்புவார். எந்த உண்டியலில் என்று நான் அவரைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர்களுடைய வங்கி என்று இனியும் சொல்வாரானால் மறுத்துப் பேசுவேன். வேறு கருத்துள்ளோர் அடுத்த இதழில் எழுதட்டும்.